பழைய கணிப்பொறிக்குப் புதிய உடல்



ஓடாமல் நின்றுபோன கடிகாரத்தைத் திறந்து பார்க்காத சிறுவர்கள் மிகச் சிலரே. திறப்பது எளிது. சக்கரங்களையும் வில்லையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்புவதும் எளிது. அவற்றை மீண்டும் பூட்டி ஓட வைப்பதில்தான் தொல்லை இருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பின் ஒரு சிறு சக்கரம் மேசைமேல் மிஞ்சிக் கிடக்குமானால், அந்தக் கடிகாரத்தை நாம் முழுவதும் அறிந்துகொள்ளவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கணிப்பொறிக்கும் இது பொருந்தும். இன்று நம் சட்டைப் பையிலேயே ஒரு கணிப்பொறி கைப்பேசி வடிவில் இருக்கிறது. ஆனால், அதைத் திறந்து, இது இன்னது, இது இன்ன வேலையைச் செய்கிறது என்று முழுவதும் சொல்லக்கூடிய தனி மனிதர் உலகில் எவரும் இல்லை. அதை வடிவமைத்தவர்களே தத்தம் பகுதியை மட்டும் அறிந்தவர்கள். ஆகவே, கணிப்பொறி என்பது என்ன என்று உண்மையாகவே அறிய விரும்புவோர் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மனிதனின் அறிவுக்குள் முழுவதும் அடங்கக்கூடிய ஒரு பழைய கணிப்பொறியைத் தேர்ந்தெடுத்து, அதை வீட்டு மேசைமேல் மீண்டும் கட்டிப் பார்ப்பது ஒரு நல்ல வழி. அது எவ்வாறு இயலும் என்பதை இவ்வுரையில் காண்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கணிப்பொறியின் பெயர் பி.டி.பி.-8. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேனார்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில் 1957-ஆம் ஆண்டு டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்நிறுவனம் 1965-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பி.டி.பி.-8-ஐ வெளியிட்டது. அதன் விலை 18,000 அமெரிக்க டாலர். இது பெருந்தொகையே. ஆயினும், அக்காலத்தில் ஒரு கணிப்பொறி என்றால் தனி அறையும், குளிர்சாதன வசதியும், இலட்சக் கணக்கில் பணமும் வேண்டும். மேசைமேல் வைக்கத்தக்க அளவில் 20,000 டாலருக்கும் குறைந்த விலையில் ஒரு கணிப்பொறி வந்தது புதுமையாக இருந்தது. ஆய்வுக்கூடங்கள், தொழிற்சாலைகள், செய்தித்தாள்களின் அச்சுக்கோப்புப் பிரிவுகள், பள்ளிகள் எனப் பல இடங்களுக்கும் அது சென்றது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த கணிப்பொறிகள் காலப்போக்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் விற்பனையாயின. இத்தகைய கணிப்பொறிகளையே மினி கணிப்பொறி என்றார்கள்.

அந்நிறுவனம் இப்போது இல்லை. 1998-இல் அதைக் காம்பாக் நிறுவனம் வாங்கியது. 2002-இல் காம்பாக்கும் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. எஞ்சியிருக்கும் பழைய பி.டி.பி.-8 கணிப்பொறிகளிற் பல அரும்பொருட்காட்சியகங்களில் இருக்கின்றன. சில ஆர்வலர்களின் இல்லங்களில் இருக்கின்றன. அவற்றின் உறுப்புகள் நாளுக்கு நாள் பழுதடைந்து வருகின்றன. உறுப்பு பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். அதைப் பழுதுபார்க்கும் அறிவு மறைந்துவிட்டால் என்ன செய்வது? எனவே, இதை மீண்டும் கட்டுவது வெறும் பொழுதுபோக்கன்று. அறிவைக் காப்பாற்றும் முயற்சியுமாகும்.

முதலில் அக்கணிப்பொறியின் உள்ளமைப்பைப் பார்ப்போம். அதன் நினைவகத்தில் 4096 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் 12 பிட்கள், அதாவது சுழி அல்லது ஒன்று என்னும் பன்னிரண்டு குறிகள் தங்கும். பன்னிரண்டு குறிகளை மும்மூன்றாகப் பிரித்தால் நான்கு தொகுதிகள் கிடைக்கும். மூன்று குறிகளைக் கொண்டு 0 முதல் 7 வரை எழுதலாம் ஆதலால், ஓர் அறையில் உள்ளதை நான்கு இலக்கங்களில் எழுதிவிடலாம். இம்முறையில் 8, 9 என்னும் இலக்கங்களுக்கு இடமில்லை. 7-க்கு அடுத்த எண் 10. இதை எண்மானம் என்பர். இனி நாம் சொல்லப்போகும் முகவரிகளும் கட்டளைகளும் இந்த எண்மானத்திலேயே அமைந்தவை.

நினைவகத்தை ஒரு தோட்டத்துக் குடியிருப்பாக நினைத்துக்கொள்வோம். 4096 வீடுகள் 32 லயங்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு லயத்திலும் 128 வீடுகள். முதல் லயம் பொது லயம். கோயிலும் கடையும் அலுவலகமும் அங்கே இருப்பதாகக் கொள்வோம். எந்த லயத்தில் இருப்பவரும் தம் லயத்து வீட்டுக்கோ பொது லயத்து வீட்டுக்கோ நேரே போகலாம். வேறு லயத்துக்குப் போக வேண்டுமென்றால், அந்த வீட்டின் முழு முகவரியும் எழுதப்பட்ட சீட்டு ஒன்றை முதலில் பார்க்க வேண்டும். ஏன் இந்தச் சுற்றுவழி? ஒரு கட்டளைக்குக் கிடைப்பவை பன்னிரண்டு பிட்களே. அவற்றுள் மூன்று, செய்ய வேண்டிய வேலையைச் சொல்லும். ஒன்று, நேரே போவதா சீட்டைப் பார்த்துப் போவதா என்பதைச் சொல்லும். இன்னொன்று, பொது லயமா சொந்த லயமா என்பதைச் சொல்லும். மீதியுள்ள ஏழு பிட்களில் 128 வீடுகளைத்தான் குறிக்க முடியும். சிக்கனம் எப்படியெல்லாம் ஒரு பொறியின் அமைப்பை முடிவு செய்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வேலையைச் சொல்லும் பிட்கள் மூன்றே ஆதலால், அடிப்படைக் கட்டளைகள் எட்டே. இரண்டு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிட்டு, இரண்டிலும் ஒன்று இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றை வைப்பது, கூட்டுவது, ஓர் அறையின் எண்ணில் ஒன்றைக் கூட்டி, அது சுழியானால் அடுத்த கட்டளையைத் தாண்டுவது, விடையை அறையில் சேமிப்பது, ஒரு துணை வேலைக்குச் சென்று திரும்புவது, வேறிடத்துக்குத் தாவுவது, வெளிக் கருவிகளோடு பேசுவது, முகவரி தேவைப்படாத சிறு செயல்களைச் செய்வது. இவ்வளவுதான். கழித்தலுக்குத் தனிக் கட்டளை இல்லை. பெருக்கலும் வகுத்தலும் அடிப்படை அமைப்பில் இல்லை. கூட்டத் தெரிந்தவனுக்கு மற்றவற்றைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அதை அமைத்தவர்களின் எண்ணம்.

கணக்குச் செய்யும் இடத்துக்குத் திரட்டி என்று பெயரிடுவோம். அதுவும் பன்னிரண்டு பிட் கொண்டது. அதன் இடப்பக்கத்தில் இணைப்புப் பிட் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கூட்டும்போது மிஞ்சும் கைமாற்று எண்ணைக் கவனிப்பது அதன் வேலை. அடுத்த கட்டளை எந்த அறையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு முகவரிக்காட்டி உண்டு.

இரண்டையும் மூன்றையும் கூட்டும் சிறு கட்டளைத் தொடர் ஒன்றைப் பார்ப்போம். 200-ஆம் அறையில் 7300 என்று இருக்கிறது. திரட்டியையும் இணைப்புப் பிட்டையும் சுழியாக்கு என்பது அதன் பொருள். 201-இல் 1205, அதாவது 205-ஆம் அறையில் உள்ளதைக் கூட்டு. 202-இல் 1206, 206-ஆம் அறையில் உள்ளதைக் கூட்டு. 203-இல் 3207, விடையை 207-ஆம் அறையில் வைத்துவிட்டுத் திரட்டியைச் சுழியாக்கு. 204-இல் 7402, நில். 205-இல் இரண்டும் 206-இல் மூன்றும் வைத்திருந்தோமானால், ஓட்டம் நின்றதும் 207-இல் ஐந்து இருக்கும். கட்டளைகளும் எண்களும் ஒரே நினைவகத்தில், ஒரே வடிவில் அடுத்தடுத்து இருப்பதைக் கவனித்தீர்களா? இது கட்டளை, இது எண் என்று எந்த அறையிலும் முத்திரை குத்தியிருக்கவில்லை. முகவரிக்காட்டி எதைச் சுட்டுகிறதோ அது கட்டளையாகிவிடுகிறது. இன்றைய கணிப்பொறிகளிற் பெரும்பாலானவை இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கின்றன.

இனி இதைக் கட்டும் வழிகளைப் பார்ப்போம். 1965-இல் வந்த பொறியில் ஒருங்கிணைந்த சில்லுகள் கிடையா. ஏறத்தாழ 1,400 டிரான்சிஸ்டர்களும் 10,000 டயோடுகளும் சிறு அட்டைகளில் பற்றவைக்கப்பட்டு, அந்த அட்டைகள் செருகு பலகைகளில் செருகப்பட்டிருந்தன. நினைவகம் காந்த வளையங்களால் ஆனது. ஒரு பிட்டுக்கு ஒரு வளையமாக 49,152 வளையங்கள். பாசிமணியினும் சிறிய அந்த வளையங்களுக்குள் நுண்ணிய கம்பிகளைக் கோத்திருந்தார்கள். அதே முறையில் இன்று ஒருவர் கட்ட முற்பட்டால், பற்றவைப்பதிலேயே அவர் காலம் கழிந்துவிடும்.

மற்றொரு வழி, இன்றைய கணிப்பொறி ஒன்றில் பழைய கணிப்பொறியைப் போல நடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதுவது. இதை எமுலேட்டர் என்பர். இதுவும் பயனுள்ளதே. பழைய புரோகிராம்களை ஓட்டிப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால், இதில் நாம் கட்டுவது பொறியை அன்று. பொறியின் நடத்தையை மட்டுமே. மின்சாரம் எந்தக் கம்பி வழியே எந்த நேரத்தில் போகிறது என்னும் கேள்வியே அங்கு எழுவதில்லை.

மூன்றாவது வழியே நாம் சொல்ல வந்தது. அதற்கு உதவுவது, நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளத்தக்க தருக்கச் சில்லு. சாதாரணச் சில்லு தொழிற்சாலையை விட்டு வெளிவரும்போதே அதன் வேலை இன்னது என்று முடிவாகிவிடும். இந்தச் சில்லுக்கோ தொழிற்சாலையில் எந்த வேலையும் தரப்படுவதில்லை. வேலையைத் தருபவர் வாங்குபவர். 1978-இல் மோனோலிதிக் மெமரீஸ் என்னும் நிறுவனம் பி.ஏ.எல். என்னும் இவ்வகைச் சில்லை வெளியிட்டது. இதில் ஒரு சுவையான தொடர்பும் இருக்கிறது. பி.டி.பி.-8-இன் வடிவமைப்பில் முதன்மையான பங்கு கொண்டவர் எட்சன் டி காஸ்ட்ரோ. அவர் 1968-இல் பிரிந்து சென்று டேட்டா ஜெனரல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1980-இல் வெளியிட்ட எம்.வி.-8000 என்னும் கணிப்பொறியில் இந்தப் பி.ஏ.எல். சில்லுகளையே துணிந்து பயன்படுத்தினார்கள். பின்னர் 1985-இல் ஸைலிங்ஸ் நிறுவனம் எஃப்.பி.ஜி.ஏ. என்னும் வகையில் முதற் சில்லை வெளியிட்டது. அதில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. இன்று கிடைக்கும் சிறிய சில்லுகளிலேயே இத்தகைய கட்டங்கள் ஆயிரக் கணக்கில் இருக்கின்றன.

இந்தக் கட்டம் ஒன்று எப்படி வேலை செய்கிறது? நாம் பள்ளியில் வாய்ப்பாடு மனப்பாடம் செய்திருக்கிறோம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்லும்போது நாம் பெருக்கிப் பார்ப்பதில்லை. வாய்ப்பாட்டில் உள்ளதைத்தான் ஒப்பிக்கிறோம். தருக்கக் கட்டமும் அவ்வாறே. நான்கு கம்பிகள் அதனுள் நுழைவதாகக் கொண்டால், அவற்றில் வரக்கூடிய சுழி, ஒன்று ஆகியவற்றின் சேர்க்கைகள் மொத்தம் பதினாறு. பதினாறுக்கும் பதினாறு விடைகளைக் கட்டத்துக்குள் முன்கூட்டியே எழுதிவிடுகிறோம். பிறகு, வரும் சேர்க்கைக்கு உரிய விடையை அது உடனே வெளியிடும். பக்கத்திலேயே ஒரு பிட்டை நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு உறுப்பும் உண்டு. கட்டங்களுக்கிடையே ஏராளமான கம்பிகளும், அவற்றை இணைக்கும் மின்னணுப் பொத்தான்களும் இருக்கின்றன. வாய்ப்பாடுகளை நிரப்பி, பொத்தான்களைத் திறந்து மூடினால், வெறுஞ் சில்லு நாம் விரும்பிய பொறியாகிவிடுகிறது.

கூட்டலை எடுத்துக்கொள்வோம். ஒரு பிட்டைக் கூட்ட வேண்டுமென்றால், முதல் எண்ணின் பிட், இரண்டாம் எண்ணின் பிட், வலப்பக்கத்திலிருந்து வரும் கைமாற்று ஆகிய மூன்றைப் பார்க்க வேண்டும். வரக்கூடிய சேர்க்கைகள் எட்டு. விடைப் பிட்டுக்கு ஒரு வாய்ப்பாடு. இடப்பக்கம் செல்லும் கைமாற்றுக்கு ஒரு வாய்ப்பாடு. இந்த இரண்டையும் பன்னிரண்டு முறை வரிசையாக அடுக்கினால் பி.டி.பி.-8-இன் கூட்டும் உறுப்பு தயார். கடைகளில் சீனர்கள் பயன்படுத்தும் மணிச்சட்டத்தைப் பார்த்திருப்போம். ஒரு கம்பியில் மணிகள் நிறைந்ததும் அடுத்த கம்பியில் ஒரு மணியைத் தள்ளுகிறார்கள் அல்லவா? அந்தக் கைமாற்றே இங்கும் நடக்கிறது.

வாய்ப்பாடுகளை நாமே ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டியதில்லை. வி.எச்.டி.எல்., வெரிலாக் என்னும் வன்பொருள் விவரிப்பு மொழிகள் இருக்கின்றன. பொறி எப்படி அமைய வேண்டும் என்று அம்மொழியில் எழுதித் தந்தால், அதை வாய்ப்பாடுகளாகவும் இணைப்புகளாகவும் மாற்றித் தரும் மென்பொருள் உண்டு. சிறிய சில்லுகளுக்குரிய மென்பொருளை இலவசமாகவே பெற முடிகிறது. ஆனால், புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் முதலில் தடுமாறுவதும் இங்கேதான். புரோகிராமில் ஒரு வரி முடிந்த பின்பே அடுத்த வரி நடக்கும். வன்பொருள் விவரிப்பில் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நாதசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் ஒன்றன்பின் ஒன்றாகவா ஒலிக்கின்றன? எல்லாம் சேர்ந்தே ஒலிக்கின்றன. தாளம் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. சில்லில் தாளம் போடுவது துடிப்பு மணி. ஒவ்வொரு துடிப்பிலும் எல்லா உறுப்புகளும் ஒன்றாக ஓரடி முன்னே வைக்கின்றன.

பி.டி.பி.-8 ஒரு கட்டளையை மூன்று கட்டங்களில் நிறைவேற்றுகிறது. கட்டளையை நினைவகத்திலிருந்து எடுத்து வருதல், சீட்டைப் பார்த்துப் போக வேண்டியிருந்தால் சீட்டைப் படித்தல், வேலையைச் செய்தல். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நினைவகச் சுற்று, அதாவது ஒன்றரை மைக்ரோ செகண்டு ஆகும். நேரடிக் கூட்டலுக்கு இரண்டு சுற்று. ஆகவே மூன்று மைக்ரோ செகண்டு. நாம் கட்டும் பொறியும் இந்த மூன்று கட்டங்களையே பின்பற்ற வேண்டும். காந்த வளையத்தைப் படித்தால் அதில் உள்ள செய்தி அழிந்துவிடும். உடனே அதை மீண்டும் எழுத வேண்டும். நம் சில்லின் நினைவகத்துக்கு இத்தொல்லை இல்லை. ஆனால், வளையங்கள் மின்சாரத்தை நிறுத்திய பின்பும் செய்தியை மறவா. நம் சில்லோ மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும், தான் பி.டி.பி.-8 என்பதையே மறந்துவிடும். ஆகவே, சில்லின் அமைப்பைப் பக்கத்தில் ஒரு நிலையான நினைவகத்தில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் மின்சாரம் கொடுத்தவுடன் அதிலிருந்து படித்துக்கொள்ளச் செய்கிறார்கள்.

வெளியே விளக்குகளும் பொத்தான்களும் வேண்டும். பன்னிரண்டு பொத்தான்களால் ஓர் எண்ணை அமைத்து, அதை நினைவகத்தில் இடுவது அக்காலத்து வழக்கம். இதில் ஓர் எதிர்பாராத இடையூறு உண்டு. பொத்தானை ஒருமுறை அழுத்தினால், அதன் உலோகத் தகடு ஓரிரு மில்லி செகண்டு நேரம் பந்துபோல் துள்ளும். மனிதருக்கு அது தெரியாது. ஒரு செகண்டில் ஐந்து கோடி முறை துடிக்கும் சில்லுக்கு அது பலமுறை அழுத்தியதாகவே தெரியும். ஓர் எண்ணை இட நினைத்தால் அது ஏழெட்டு அறைகளில் பதிந்துவிடும். பொத்தான் அசைந்தபின் பத்திருபது மில்லி செகண்டு பொறுத்து, நிலைமை மாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஏற்றுக்கொள்ளுமாறு அமைத்தால் தொல்லை தீரும். மேலும் ஓர் எச்சரிக்கை. பழைய கருவிகள் பலவற்றில் ஐந்து வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். இன்றைய சில்லுகளின் கால்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. இடையில் மின்னழுத்தத்தை மாற்றும் உறுப்பை வைக்காமல் நேரே இணைத்தால் சில்லு எரிந்துவிடும்.

அக்காலத்தில் இதனோடு இணைந்திருந்தது டெலிடைப் 33 என்னும் தட்டச்சுப் பொறி. செகண்டுக்குப் பத்து எழுத்தே அதன் வேகம். ஓர் எழுத்து அச்சாகும் நேரத்தில் பி.டி.பி.-8 முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டல்களைச் செய்துவிடும். எனவே, தட்டச்சுப் பொறி தயாரானதும் ஒரு கொடியை உயர்த்தும். கணிப்பொறி அந்தக் கொடியைப் பார்த்து அடுத்த எழுத்தை அனுப்பும். நாம் கட்டும் பொறியில், அந்தக் கொடியையும் அதே எண்ணுள்ள கருவி முகவரிகளையும் வைத்தால் போதும். மறுமுனையில் இருப்பது பழைய தட்டச்சுப் பொறியா, இன்றைய மடிக்கணினியா என்பதைக் கட்டளைத் தொடர் அறியாது.

எல்லாம் கட்டியாயிற்று, கூட்டல் சரியாக வருகிறது, விளக்குகள் மின்னுகின்றன. இத்துடன் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. தொடக்கத்தில் சொன்ன, மேசைமேல் மிஞ்சிய சக்கரத்தை இப்போதுதான் தேட வேண்டும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்வோம். கழித்தலுக்குக் கட்டளை இல்லை என்றோம். ஐந்தைக் கழிக்க வேண்டுமென்றால், ஐந்தை எதிர்மறை எண்ணாக மாற்றிக் கூட்ட வேண்டும். அதற்கு 7041 என்னும் கட்டளை உதவும். அதில் இரண்டு செயல்கள் அடங்கியிருக்கின்றன: எல்லாப் பிட்களையும் புரட்டு, பிறகு ஒன்றைக் கூட்டு. 0005-ஐப் புரட்டினால் 7772. ஒன்றைக் கூட்டினால் 7773. இதுவே எதிர்மறை ஐந்து. இந்த வரிசையை நாம் மாற்றிவிட்டோமானால், முதலில் ஒன்றைக் கூட்டி 0006 ஆகும், புரட்டினால் 7771. அது எதிர்மறை ஏழு. ஒரே கட்டளைக்குள் இருக்கும் செயல்களுக்கும் முன்பின் உண்டு என்பதைக் கையேட்டில் படித்தபோது நாம் தலையசைத்திருப்போம். சில்லில் எழுதும்போதுதான், படித்தது புரிந்ததா இல்லையா என்பது தெரிகிறது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. கூட்டும்போது கைமாற்று மிஞ்சினால் இணைப்புப் பிட் ஒன்றாகும் என்று பலர் எண்ணிவிடுவர். உண்மையில் அது ஒன்றாவதில்லை, புரளுகிறது. சுழியாக இருந்தால் ஒன்றாகும்; ஒன்றாக இருந்தால் சுழியாகும். கட்டளைத் தொடர் எழுதுவோர் பெரும்பாலும் கூட்டலுக்கு முன் இணைப்புப் பிட்டைச் சுழியாக்கிவிடுவதால், இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை. பொறி நாட்கணக்கில் சரியாக ஓடும். ஒருநாள், இணைப்புப் பிட் ஏற்கெனவே ஒன்றாக இருக்கும் சூழ்நிலை வரும். அன்று விடை தவறும். எங்கே தவறியது என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பி.டி.பி.-8-ஐ விற்ற நிறுவனமே அதைச் சோதிப்பதற்கென்று மெயின்டெக் என்னும் சோதனைத் தொடர்களைக் காகித நாடாக்களில் வழங்கியது. பழுதுபார்க்கச் செல்லும் பொறியாளர்கள் அவற்றை எடுத்துச் சென்றார்கள். ஆர்வலர்கள் அந்த நாடாக்களில் உள்ளவற்றைப் பிரதி செய்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றை நம் பொறியில் ஓட்டினால், ஒவ்வொரு கட்டளையையும் பலவகை எண்களோடு செய்து பார்த்து, தவறு கண்ட இடத்தில் பொறியை நிறுத்திவிடும். நின்ற முகவரியை ஏட்டில் பார்த்தால், எந்தச் சோதனையில் தவறினோம் என்பது விளங்கும். அரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் எழுதிய வினாத்தாளுக்கு இன்று நாம் விடை எழுதுகிறோம். திருத்துபவர் எதிரில் இல்லை. ஆயினும் மதிப்பெண்ணில் தயவு தாட்சண்யம் கிடையாது. அந்தச் சோதனை, பார்ப்பதற்குப் பொறியைச் சோதிப்பதாகத் தோன்றினும், உண்மையில் நம் அறிவையே சோதிக்கிறது. அதில் தேறிய பின்பே, கடிகாரத்தில் சக்கரம் எதுவும் மிஞ்சவில்லை என்று சொல்லலாம்.

நேயர்களே, இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். மலேசியாவில் 1972-ஆம் ஆண்டு பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில் இண்டெல் நிறுவனம் தன் தொழிற்சாலையை அமைத்தது. மற்ற மின்னணு நிறுவனங்களும் வந்தன. தோட்டங்களிலிருந்தும் கம்பங்களிலிருந்தும் வந்த பல இளம்பெண்கள் அத்தகைய தொழிற்சாலைகளில் நுண்பெருக்கியின் முன் அமர்ந்து, சில்லுகளில் தலைமயிரினும் மெல்லிய கம்பிகளை இணைத்தார்கள். நம் குடும்பங்களிலும் அத்தகைய அக்காமார்களும் அத்தைமார்களும் உண்டு. அவர்கள் கைகள் எண்ணற்ற சில்லுகளைத் தொட்டன. ஆனால், அந்தச் சில்லுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று சொன்னவரும் இல்லை.

இன்று நிலைமை வேறு. பயிற்சிக்கென்று செய்யப்பட்ட எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளை, ஒரு நல்ல கைப்பேசியைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம். மென்பொருள் இலவசம். பி.டி.பி.-8-இன் கையேடுகளும் மின்சுற்று வரைபடங்களும் படிப்பதற்குக் கிடைக்கின்றன. வேண்டியவை பொறுமையும் நண்பர் ஓரிருவரும்தான். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் மூவர் சேர்ந்தால், ஒருவர் கூட்டும் உறுப்பையும், ஒருவர் கட்டளைகளின் ஒழுங்கையும், ஒருவர் விளக்குகளையும் பொத்தான்களையும் கவனித்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பிலேயே முழுப் பொறியையும் கட்ட வேண்டியதில்லை. முதல் வாரம் ஒரு விளக்கை எரிய வைக்கலாம். அடுத்த வாரம் நான்கு பிட் கூட்டியைக் கட்டலாம். அதன் பிறகு திரட்டி, நினைவகம், முகவரிக்காட்டி. பின்பு ஒருநாள், நாம் மேலே சொன்ன ஐந்து கட்டளைகளையும் பொத்தான்களால் இட்டு ஓடவிட்டு, 207-ஆம் அறையைத் திறந்து பார்க்கலாம்.

அங்கே இரண்டு சிறு விளக்குகள் எரியும். ஒன்று நான்கைக் குறிக்கும். மற்றொன்று ஒன்றைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் ஐந்து. இரண்டும் மூன்றும் ஐந்து என்பது குழந்தைக்கும் தெரிந்ததுதான். ஆனால், அந்த விளக்குகள் ஏன் எரிகின்றன என்று கேட்டால், பொத்தானிலிருந்து விளக்கு வரை ஒவ்வொரு படியையும் அம்மாணவர்கள் எடுத்துச் சொல்வார்கள். கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் கோடிக் கணக்கில் இருக்கும் உலகில், கணிப்பொறியை அறிந்தவர்களாக அவர்கள் அன்று எழுந்து நிற்பார்கள்.